தன் வீட்டையே தாக்கும் காவற்காரன்



சுபஹுக்கு எழும்பும் நேரத்தில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. வுழூச் செய்யக் குழாயைத் திருகினால் மணிக்கட்டில் குத்துகிறது. இடியப்ப உரலை அழுத்த முடியவில்லை. திருவலையில் குந்தி ஒரு பாதித் தேங்காயைத் திருவி முடிக்கும் முன்னர் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. வெயில் ஏறி, காலை பத்து மணியளவில்தான் கைகள் ஓரளவு இளகுகின்றன. அதற்குள் வீட்டில், "விடிஞ்சி எவ்வளவு நேரம், இன்னும் ஒரு தேத்தண்ணிக்கு வழியில்லையா?" என்ற சத்தம் எழும்பிவிடுகிறது. பகலில் அவள் நடமாடுவதைப் பார்க்கும் மாமி, காலையில் அவள் சொன்ன வருத்தம் கள்ள வருத்தம் என்று முடிவு செய்துவிடுகிறார்.

சகோதரிகளே, அது கள்ள வருத்தமல்ல, சோம்பலுமல்ல. முடக்குவாதம் என்று நம் முன்னோர் பெயரிட்ட நோயின் முகமே அப்படித்தான். காலையில் முடக்கும், பகலில் இளகும், இரவில் மறுபடியும் வீங்கும். ஆண்களை விடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பிள்ளை பெற்று வளர்க்கும் வயதிலேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, இது நம் குடும்பங்களில் பேசப்பட வேண்டிய விடயம்.

அண்மைக் காலமாக, "மரபணு வைத்தியத்தால் இந்த நோயை வேரோடு பிடுங்கலாமாமே, இந்தியாவுக்குப் போனால் செய்கிறார்களாமே" என்று கேட்கும் சகோதரிகள் கூடியிருக்கிறார்கள். இருக்கிற காணித் துண்டை விற்றாவது போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. காணியை விற்பதற்கு முன் விடயத்தை விளங்கிக்கொள்வது கடமையல்லவா? எனவே இம்மாதம் அதையே எடுத்துக்கொள்வோம்.

எல்லா மூட்டு நோவும் ஒன்றல்ல

வயது போனவர்களுக்கு முழங்காலில் வரும் நோவு பெரும்பாலும் மூட்டுத் தேய்வு. நடந்தால் கூடும், இருந்தால் குறையும். காலையில் வரும் இறுக்கம் சில நிமிடங்களில் போய்விடும்.

சிக்குன்குனியா நோவு இன்னொன்று. 2006 ஆம் ஆண்டு இலங்கையில் அந்தக் காய்ச்சல் பரவியபோது கல்முனைப் பிரதேசமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கூனிக்கொண்டு நடந்த அந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஆம் ஆண்டில் அது மீண்டும் நாட்டில் தலைதூக்கியது. காய்ச்சல் விட்ட பின்பும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டுகள் வீங்கி நிற்கும். பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லக் குறைந்துபோகும்.

முடக்குவாதம் தானாகப் போகாது. இரு கைகளிலும் ஒரே மாதிரி வரும். விரல்களின் அடிமூட்டும் நடு மூட்டும் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். களைப்பும் மெல்லிய காய்ச்சலும் சேர்ந்து வரும். ஆறு வாரங்களுக்கு மேல் இப்படி இருந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இரத்தத்தில் ரூமட்டொயிட் ஃபக்டர், சீ.சீ.பீ. ஆகிய பரிசோதனைகளைச் செய்து வைத்தியர் தீர்மானிப்பார். இந்த நோய் மூட்டெலும்பை அரிப்பது முதல் ஓரிரு வருடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பைப் பிறகு எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

உடலின் மத்ரஸா

நம் உடம்பைக் காப்பதற்கென்று இரத்தத்தில் ஒரு படை இருக்கிறது. அதை வெண்குருதிக் கலங்கள் என்று பாடசாலையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது அதன் வேலை. ஆனால் எது கிருமி, எது நம் சொந்தத் தசை என்று அதற்கு எப்படித் தெரியும்?

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதை ஒரு மத்ரஸா என்று வைத்துக்கொள்ளுங்கள். படையின் முக்கிய பிரிவான டீ கலங்கள் அங்கேதான் பாடம் படிக்கின்றன. சொந்த உடம்பைத் தாக்கும் இயல்புள்ள கலங்கள் பரீட்சையில் தோற்று அங்கேயே அழிக்கப்படுகின்றன. மற்றவை வெளியே வருகின்றன. ஆனால் எந்த மத்ரஸாவிலும் ஒரு சிலர் பாடம் சரியாக வராமலேயே வெளியேறிவிடுவதுண்டு. தைமஸிலிருந்தும் அப்படிச் சில கலங்கள் தப்பி வந்துவிடுகின்றன. அப்படியானால் உலகில் எல்லோருக்கும் முடக்குவாதம் வர வேண்டுமே! ஏன் வருவதில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டதற்காகவே 2025 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்போரே அவர்கள். பிறந்து மூன்றே நாளான எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றினால் அவற்றின் படை சொந்த உறுப்புகளையே தாக்குவது முன்னரே அறியப்பட்டிருந்தது. நல்ல எலியின் டீ கலங்களைச் செலுத்தினால் அந்தத் தாக்குதலைத் தடுக்கலாம் என்று சகாகுச்சி கண்டார். தாக்கும் கலங்கள் மட்டுமல்ல, தாக்குபவர்களை அடக்கி வைக்கும் கலங்களும் படைக்குள் இருக்கின்றன என்று 1995 இல் அவர் எழுதினார். அவற்றை ஒழுங்காக்கும் டீ கலங்கள் என்கிறார்கள். ஊர்ச் சண்டையில் வாள் தூக்குபவனின் கையைப் பிடித்து, "பொறு, அவன் நம்மட ஆள்" என்று சொல்லும் பெரியவரைப் போன்றவை அவை.

2001 இல் பிரங்கோவும் ராம்ஸ்டெலும், நோயோடு பிறக்கும் ஒருவகை எலிகளில் பழுதாகியிருந்த ஒரே ஒரு மரபணுவைத் தேடிப் பிடித்தார்கள். அதற்கு ஃபொக்ஸ்பீ3 என்று பெயர். அதே மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு நீரிழிவு, தீராத வயிற்றோட்டம், தோல் நோய் எல்லாம் சிறு வயதிலேயே ஒன்றாக வருகின்றன. சகாகுச்சி சொன்ன அந்த அடக்கும் கலங்களை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்பது 2003 இல் தெளிவாயிற்று.

பரிசுச் செய்தி வந்த நேரம் ராம்ஸ்டெல் மலைக்காட்டில் நடந்துகொண்டிருந்தார். தொலைபேசியும் தொடர்பில் இல்லை. தமது தொலைபேசியில் வந்து குவிந்த செய்திகளைக் கண்ட மனைவி கூச்சலிட, கரடியைத்தான் கண்டுவிட்டாளோ என்று அவர் பதறினாராம்!

படை சொந்த உடம்பைப் பொறுத்துக்கொள்ளும் இந்தத் தன்மையை நிர்ப்பீடனச் சகிப்பு என்கிறார்கள். முடக்குவாதம் என்பது மூட்டு கெட்டதால் வந்த நோயல்ல. சகிப்பு கெட்டதால் மூட்டுக்கு வந்த நோய். காவற்காரன் தன் வீட்டையே கள்வனின் வீடு என்று எண்ணிக் கதவை உடைக்கிறான்.

கருவறை சொல்லும் பாடம்

பெண்களாகிய உங்களுக்கு நன்றாக விளங்கக்கூடிய ஓர் அத்தாட்சியை இங்கே சொல்ல வேண்டும். வயிற்றில் வளரும் பிள்ளையின் பாதி தாயினுடையது, மறுபாதி தந்தையினுடையது. தாயின் படைக்கு அது அரைவாசி அந்நியம். வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் அதைத் தாக்கித் தள்ளிவிடும் அதே படை, இந்தப் பிள்ளையை மட்டும் பத்து மாதம் பொறுத்துக்கொள்கிறது. அந்த மாதங்களில் அடக்கும் கலங்களின் வேலை கூடுகிறது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் ஒரு விடயத்தை அவதானித்து 1938 இல் எழுதினார். முடக்குவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமானால் பலருக்கு நோவு தானாகவே குறைகிறது, பிள்ளை பிறந்த சில மாதங்களில் திரும்பி வருகிறது என்பதே அது. நோயை அடக்கும் ஏதோ ஒன்று உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று அவர் தேடினார். அந்தத் தேடலின் முடிவில் 1948 செப்டம்பரில், 29 வயதான ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் ஊசியை ஏற்றினார். கட்டிலில் புரளவே கஷ்டப்பட்ட அந்தப் பெண் ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்கு நடந்து போனார். 1950 இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கு முடிவு வந்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது. ஆனால் தொடர்ந்து அதிக அளவில் பாவித்தவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது, சீனி கூடியது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பி வந்தது. ஏனெனில் அது படை முழுவதையும் மயக்கியதேயொழிய, தாக்குபவனுக்கு மட்டும் புத்தி சொல்லவில்லை. இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டே இனி மரபணு வைத்தியத்துக்கு வர வேண்டும்.

மரபணு வைத்தியம் என்றால் என்ன?

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளே மரபணுக்கள். பாடசாலைப் புத்தகத்தில் பரம்பரை அலகு என்று இருக்கும். ஒரு நல்ல கட்டளையைக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே மரபணு வைத்தியம். அதைச் சுமந்து செல்லும் வண்டியாகப் பெரும்பாலும் நோய் செய்யும் ஆற்றல் அகற்றப்பட்ட வைரஸையே பயன்படுத்துகிறார்கள்.

மூட்டுவாதத்தில் இந்த முயற்சி புதியதல்ல. 1996 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கிறிஸ்டோபர் எவன்ஸ், போல் ரொபின்ஸ் ஆகியோரின் குழு இதைத் தொடங்கியது. முடக்குவாதம் முற்றிய, மாதவிடாய் நின்ற ஒன்பது பெண்கள் முன்வந்தார்கள். அவர்களின் மூட்டிலிருந்து எடுத்த கலங்களில், வீக்கத்தைத் தணிக்கும் புரதத்தின் மரபணுவைச் சேர்த்து விரல் மூட்டுக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். எப்படியும் ஒரு வாரத்தில் சத்திரசிகிச்சை செய்து மாற்றவிருந்த மூட்டுகளையே இதற்குத் தெரிவு செய்தார்கள். அகற்றிய மூட்டைச் சோதித்தபோது அந்த மரபணு உள்ளே வேலை செய்திருப்பது தெரிந்தது. தங்களுக்குப் பெரிய பலன் கிடைக்காது என்று தெரிந்தும், பின்னால் வரும் நோயாளிகளுக்காகத் தம் கைகளைக் கொடுத்த பெண்கள் அவர்கள்.

துயரமும் நிகழ்ந்தது. 2007 ஜூலையில், இன்னொரு சோதனையில் முழங்காலில் மரபணு ஊசி ஏற்றப்பட்ட 36 வயதுத் தாய் ஒருவர் அமெரிக்காவில் மரணித்தார். உடம்பெங்கும் பரவிய பூஞ்சைத் தொற்றே முக்கிய காரணம் என்றும், அவர் ஏற்கெனவே பாவித்துவந்த வேறொரு மருந்து அவரின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்தது என்றும் விசாரணையில் தெரியவந்தது. மரபணு ஊசி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றாலும், முற்றாக மறுக்கவும் முடியவில்லை. ஒரு புதிய வைத்தியத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது அமானிதத்துக்கு மாறானது.

மேலே சொன்ன இரண்டு முயற்சிகளும் மூட்டுக்குள் ஒரு மருந்துக் கடையைத் திறப்பது போன்றவை. தீயை அணைக்கும், ஆனால் தீ வைத்தவனைத் திருத்தாது. சகிப்பையே மீட்டெடுக்கும் வழி பிறகுதான் தெரியத் தொடங்கியது.

பழைய நினைவை அழித்தல்

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கியோர்க் ஷெட் என்பவரின் குழு, லூபஸ் என்னும் நோயுள்ள 20 வயதுப் பெண்ணுக்கு 2021 இல் ஒரு சிகிச்சை செய்தது. லூபஸும் முடக்குவாதத்தின் உடன்பிறப்புத்தான். அங்கேயும் படை சொந்த உடம்பையே தாக்குகிறது. எந்த மருந்துக்கும் அந்தப் பெண்ணின் நோய் அடங்கவில்லை.

அவரின் இரத்தத்திலிருந்து டீ கலங்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் சேர்த்தார்கள். சொந்த உடம்புக்கு எதிரான நஞ்சைச் செய்யும் பீ கலங்களைத் தேடி அழிக்கும் கட்டளை அது. கார்-டீ சிகிச்சை என்று இதற்குப் பெயர். பீ கலங்கள் யாவும் துடைக்கப்பட்டன. சில மாதங்களில் எலும்பு மச்சையிலிருந்து புதிய பீ கலங்கள் பிறந்து வந்தன. அதிசயம் என்னவென்றால், அவை பழைய பகையை மறந்திருந்தன! கரும்பலகையை அழித்துவிட்டுப் பாடத்தை முதலிலிருந்து எழுதியது போல் ஆயிற்று. இதே குழு 2024 இல் 15 நோயாளிகளைப் பற்றிய முடிவை வெளியிட்டது. லூபஸ் உள்ள எட்டுப் பேரின் நோயும் அடங்கியிருந்தது. 15 பேருமே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நிறுத்தியிருந்தார்கள்.

இன்னொரு வழி, அந்த அடக்கும் பெரியவர்களையே பயிற்றி அனுப்புவது. ராம்ஸ்டெல்லும் சேர்ந்து தொடங்கிய சொனோமா என்ற அமெரிக்க நிறுவனம், நோயாளியின் ஒழுங்காக்கும் டீ கலங்களை எடுத்து, நோயுள்ள மூட்டைத் தேடிச் செல்லும் மரபணுவைச் சேர்த்து, முடக்குவாத நோயாளிகளுக்கே முதற்கட்டச் சோதனையாகக் கொடுக்கத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ரஞ்சனி தோமஸ் மரபணுவை மாற்றாமலே இதற்கு முயன்றார். படைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கலங்களை நோயாளியிடமிருந்து எடுத்துப் பதப்படுத்தி, 18 முடக்குவாத நோயாளிகளுக்கு ஒரே ஒரு தோல் ஊசியாகக் கொடுத்து, 2015 இல் முடிவை எழுதினார். சகிப்பை நோக்கிய மாற்றம் இரத்தத்தில் தெரிந்தது. ஆனால் அதுவும் சிறிய, முதற்கட்டச் சோதனையே.

காணியை விற்கலாமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இந்தியாவில் மரபணு வைத்தியம் இருக்கிறது என்பது உண்மை. நம்மில் பலர் சென்றுவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், குருதி உறையாத நோயுள்ள ஐந்து பேருக்கு மரபணு வைத்தியம் செய்து, இரத்தப் போக்கு நின்றுவிட்டதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டீ சிகிச்சைக்கு 2023 ஒக்டோபரில் இந்திய அரசு அனுமதி வழங்கியது. அமெரிக்க விலையில் சுமார் பத்திலொரு பங்குதான் என்றாலும், அதுவும் பல இலட்சம் இந்திய ரூபா.

ஆனால் கவனியுங்கள். முதலாவது குருதி உறையாமைக்கு. இரண்டாவது இரத்தப் புற்றுநோய்க்கு. முடக்குவாதத்துக்கென்று அனுமதி பெற்ற மரபணு வைத்தியம் எந்த நாட்டிலும் இல்லை. உள்ளதெல்லாம் சோதனைகளே. ஆகவே, "முடக்குவாதத்துக்கு மரபணு ஊசி, ஸ்டெம் செல் ஊசி, நிச்சயமான குணம், இத்தனை இலட்சம்" என்று யாராவது சொன்னால், காணி உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

உண்மையான சோதனையை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும். இது அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட சோதனையா? இதிலுள்ள ஆபத்துகளை எனக்கு விளங்கும் மொழியில் எழுதித் தருவீர்களா? ஊருக்குத் திரும்பிய பின் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? உண்மையான சோதனையில் இந்த மூன்றுக்கும் கேட்காமலேயே பதில் தருவார்கள். சோதிக்கப்படும் மருந்துக்கு வழமையாக நோயாளியிடம் பணம் கேட்பதுமில்லை.

ஆபத்துகளும் சிறியவையல்ல. கார்-டீ சிகிச்சைக்கு முன்னர் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் ஏற்றப்படுகின்றன. அவை பிள்ளை பெறும் ஆற்றலைப் பாதிக்கலாம். கடும் காய்ச்சலும் தொற்றுகளும் வரலாம். புற்றுநோய்க்காக இச்சிகிச்சை பெற்றவர்களில் மிகச் சிலருக்கு வேறொரு புற்றுநோய் வந்ததால், 2024 இல் அமெரிக்க அரசு மருந்தின் விபரக் குறிப்பில் அதற்கான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. குளிசையால் அடங்கக்கூடிய நோய்க்கு இந்த ஆபத்தைத் தலையில் ஏற்ற வேண்டுமா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

"படைப்பை மாற்றுவதாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். மக்காவில் ராபிதாவின் பிக்ஹு சபை 1998 இல் கூடியபோது இதை ஆராய்ந்தது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் மரபணு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தலாம், அதனால் அதைவிடப் பெரிய தீங்கு வரக்கூடாது, மனித இயல்பை விளையாட்டாக மாற்றக்கூடாது என்பது அதன் முடிவின் சாரம். மேலே சொன்ன சிகிச்சைகள் யாவும் நோயாளியின் இரத்தத்தையோ மூட்டையோ சேர்ந்த கலங்களில் செய்யப்படுபவை. அவை பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. பழுதானதைச் சீர்செய்வது வேறு, படைப்பை மாற்றுவது வேறு.

மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் நம் சமூகத்தில் இன்னொரு பயம் பிறக்கிறது. "உம்மாவுக்கு முடக்குவாதமாம், மகளுக்கும் வரும்" என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போகிறார்கள். இது அநியாயம். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் எல்லாம் ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கு வருவது நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான். எல்லா மரபணுவும் ஒன்றாக இருப்பவருக்கே அப்படியென்றால், மகளைப் பற்றி ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்? நோயைத் தூண்டுவதாக நன்கு நிரூபணமானது புகைத்தல். பெண் பார்க்க வருபவர்கள் பெண்ணின் உம்மாவுடைய விரலைப் பார்ப்பதற்கு முன், மாப்பிள்ளையின் சட்டைப் பையைப் பார்க்கட்டும்!

இன்று கையிலுள்ள மருந்து

மரபணு வைத்தியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றுள்ள மருந்துகளை ஆரம்பத்திலேயே ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலோரின் விரல்கள் கோணாமல் காப்பாற்றப்படுகின்றன. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். வாத நோய்க்கென்றே ராகமையில் ஒரு வைத்தியசாலையும், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தனிப் பிரிவும் உண்டு. கிளினிக்கில் வாதநோய் வைத்திய நிபுணருக்குக் கடிதம் கேட்டுப் பெறுங்கள்.

முக்கியமான மருந்து மெதோட்ரெக்ஸேட். இதைப் பற்றி நான்கு விடயங்களைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் குளிசை. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. உம்மாவுக்குப் பிள்ளைகள் ஒரு கிழமையை, உதாரணமாக வெள்ளிக்கிழமையை, குறித்துக் கலண்டரில் வட்டமிட்டுக் கொடுங்கள். இரண்டாவது, சொன்ன தேதியில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், கூடவே தரும் ஃபோலிக் அமிலத்தை விடக்கூடாது. மூன்றாவது, கர்ப்பமாக இருக்கும்போது இதை எடுக்கவே கூடாது. பிள்ளை பெற நினைக்கும் தம்பதிகள் பல மாதங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பாதிக்கப்படுவது பிறக்கப்போகும் பிள்ளை. நான்காவது, பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

ஒரே நாளில் நோவைப் போக்கும் பொடியோ குளிசையோ யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள். ஹென்ச் கண்ட அந்தக் கோர்ட்டிசோனின் வகைகள் அதில் கலந்திருக்கக்கூடும். வைத்தியர் தந்த ஸ்டீரொய்ட் குளிசையையும் திடீரென நிறுத்தக் கூடாது.

நோன்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். கிழமைக்கு ஒரு முறை எடுக்கும் குளிசையை இரவில் எடுக்கலாம். போஷாக்கு ஏற்றும் ஊசியல்லாத, தோலிலும் தசையிலும் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997 இல் கூடிய சர்வதேச பிக்ஹு அகடமி முடிவு செய்தது. தொழுகையில் மடங்காத முழங்காலை வருத்தி மடக்க வேண்டியதில்லை. முடிந்ததைச் செய்து, முடியாததைக் கதிரையில் இருந்து சைகையால் நிறைவேற்றலாம். மார்க்கம் இலகுவாக்கியதை நாம் கடினமாக்கிக்கொள்ளக் கூடாது.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். தேங்காயைத் திருவிக் கொடுப்பதும், நனைந்த உடுப்பைப் பிழிந்து கொடுப்பதும், போத்தல் மூடியைத் திறந்து வைப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. மருதமுனையில் தறியில் இருக்கும் சகோதரிகளாயினும், அடுப்படியில் நிற்பவர்களாயினும், மூட்டு வீங்கியிருக்கும் நாட்களில் அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுப்பதும் மருந்தின் ஒரு பகுதியே. காலையில் எழும்ப முடியாமல் கிடப்பவளிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணீரை நீட்டுங்கள். அந்தச் சகிப்பைக் கற்க ஆய்வுகூடம் தேவையில்லை.

வல்ல அல்லாஹ் நோயால் வாடும் நம் உம்மாமாருக்கும் சகோதரிகளுக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! மருந்தைத் தேடி உழைப்போரின் முயற்சிகளை மனித குலத்துக்குப் பயனுள்ளதாக ஆக்குவானாக! ஆமீன்.